ஏரியைப் படித்த பிள்ளை ஏரிக்குத் திரும்பி வரட்டும்

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக சேக்காடு போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, பழைய பாசத்தில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தபோது ஒரு பொண்ணு கையில் செல்போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தாத்தா, நீங்க இந்த ஊரா? இங்க இப்போ என்ன பயிர் வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயிரா? இங்க பயிர் வெச்சு எத்தனையோ வருஷம் ஆச்சே கண்ணு" என்றேன். அவள் போனைக் காட்டினாள். செயற்கைக்கோள் படம். அதில் ஒரு பகுதி நல்ல பச்சையாக, செழிப்பான நெல் வயல் மாதிரியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் ஆகாயத்தாமரை. அதற்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம்.

அந்தப் பொண்ணு புவியியலில் முதுகலை படிக்கிறாள். ஆவடி சுற்றுவட்டாரத்தில் நிலப் பயன்பாடு எப்படி மாறியது என்பது அவளுடைய ஆய்வேடு. கம்ப்யூட்டர் பச்சை என்று சொன்ன இடத்துக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, அதுதான் பெரிய விஷயம். நிறையப் பேர் வருவதில்லை.

இந்த இதழில் வழக்கமாக விதை, தொழுவுரம், களை என்று எழுதுகிறவன் திடீரென்று கல்லூரிப் படிப்பைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். புவியியல், சுற்றுச்சூழல் படிப்பெல்லாம் நம்ம நிலத்தைப் பற்றிய படிப்பு. நம்ம கிணறு, நம்ம ஏரி, நம்ம பட்டத்தைப் பற்றித்தான் பிள்ளைகள் அங்கே ஆய்வேடு எழுதுகிறார்கள். அந்த ஆய்வேடு எழுதி முடிந்ததும் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

பட்டம் அங்கே, வாய்க்கால் எங்கே?

சேக்காடு ஏரிக்குக் கீழே எங்க அப்பாவுக்கு ஒன்றேகால் காணி இருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீரைப் பார்த்துப் பட்டம் போடுவார். ஆவடியில் இராணுவக் கிடங்கு வந்தது, டாங்கித் தொழிற்சாலை வந்தது, வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது, நிலம் மனையாச்சு. எங்களுடையதும் போச்சு. யாரையும் குறை சொல்லவில்லை, விற்றது நாங்கள்தான். அந்தப் பணத்தில் திருநின்றவூரைத் தாண்டி இரண்டு ஏக்கர் வாங்கி, இப்போது தூயமல்லியும் கிச்சிலி சம்பாவும் போடுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி, இன்னும் நான் சேக்காட்டில் குடியிருந்தபோது, ஒரு பையன் வந்தான். அவனும் முதுகலை மாணவன்தான். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். நல்ல பையன். எங்க தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். ஏரி பாசனத்துக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மடை திறப்பது, முறை வைப்பது, கால்வாய் வெட்டச் சொல்வது எல்லாம் அவர் வேலை. நான்தான் பையனை அவரிடம் கூட்டிப்போனேன். மூன்று நாள் அவரை நடக்க வைத்தான். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே பிரிகிறது, கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்தத் தாங்கலில் விழும், எந்த மதகுக்கு எத்தனை காணி, எல்லாத்தையும் பெரியவர் காலால் நடந்தே காட்டினார். பையன் நோட்டுப் போட்டு எழுதினான், படம் வரைந்தான். "முடிச்சதும் ஒரு பிரதி கொண்டாந்து தரேன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷத்தில் பெரியவர் தவறிப்போனார்.

2015 மழைக்கு அப்புறம் எங்க தெருக்காரர்கள் மனு எழுத உட்கார்ந்தார்கள். தண்ணீர் போகிற வழி அடைபட்டதால்தான் வீட்டுக்குள் வந்தது, பழைய கால்வாயைத் திறந்து விடுங்கள் என்று மனு. அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார்: "எந்தக் கால்வாய்? படத்துல காட்டுங்க." பெரிய கால்வாய்க்குப் புறம்போக்கு என்று புல எண் இருக்கும். பட்டா நிலத்துக்குள் ஓடிய கிளைக்காலுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. ஊர் வழக்கத்தில் ஓடியது, ஊர் நினைவில் இருந்தது. நினைவில் வைத்திருந்தவர் போய்விட்டார். அவர் சொன்னது முழுவதும் ஒரு ஆய்வேட்டில் இருந்தது. அந்தக் கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். நூலகத்தில் இருக்கும், மாணவர்களுக்கு மட்டும்தான், வெளியே தர முடியாது என்றார்கள். தந்திருந்தாலும் அது ஆங்கிலம். மனு அதோடு நின்றது.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பக் கொண்டுவந்து கொடு என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கொடுக்காவிட்டால் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. ஆனால் எங்க ஊருக்கு ஒரு கால்வாய் குறைந்தது.

கோணம் தெரிந்தவன் உழவன்

புவியியல் என்றதும் தலைநகரங்களை மனப்பாடம் செய்வது என்று நம்ம ஆட்கள் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அது மண், நீர், காற்று, மனுஷன் நாலும் ஒரு இடத்தில் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்க்கிற படிப்பு. மேட்டுப் புஞ்சையில் கேழ்வரகு, பள்ளக்காலில் நெல், உவர் தட்டினால் அதைத் தாங்கும் ரகம் என்று முடிவு செய்கிற உழவன் தினமும் செய்வதும் அதுதான். அவனுக்குப் பட்டம் யாரும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் படிப்புக்குச் சென்னையில் நூறு வருஷ வேர் இருக்கிறது. மெட்ராஸ் புவியியல் சங்கம் 1926இல் இங்கேதான் தொடங்கியது. அது நடத்திய இதழ்தான் பின்னால் இந்தியப் புவியியல் இதழ் என்று பெயர் மாறியது. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி என்று அரசு சார்ந்த இடங்களிலேயே புவியியல் படிக்கலாம். இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. முதுகலை முடிக்க ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அதற்காகத்தான் பிள்ளைகள் நம்ம வரப்புக்கு வருகிறார்கள்.

அளக்க வந்தவன் எதற்கு வந்தான்

சரி, வருகிற பிள்ளைகளைப் பார்த்து நம்ம ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள்? "எதுக்குப்பா அளக்குறே? ரோடு போடப் போறாங்களா?" இதுதான் முதல் கேள்வி. இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குச் செங்கல்பட்டு ஜாகிர் வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அளவெடுப்பது. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2000 ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, யார் என்ன தொழில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி, யாருக்கு எவ்வளவு மானியம் என்று எல்லாம் எழுதினார்கள். ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்த கணக்குகள் அதற்கு ஆதாரம். தரம்பால் போன்றவர்கள் தேடி எடுத்துப் பேசியதால்தான் அந்தக் காலத்து ஊர்கள் எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிகிறது. அளந்தது வரி வாங்க. ஆனால் நமக்கு வரலாறு கிடைத்ததும் அதில்தான்.

1794இல் சென்னையில் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் சங்கிலி பிடித்து அளந்த கோட்டிலிருந்துதான் இந்தியா முழுமைக்குமான பெரிய நில அளவை தொடங்கியது. ஆக, நிலத்தை அளக்கிற கலை இந்த நாட்டில் நம்ம வாசலில்தான் முளைத்தது. அது யாருக்காக முளைத்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இன்றும் கதை பெரிதாக மாறவில்லை. 2018இல் சேலம் எட்டு வழிச் சாலைக்கு வயலில் கல் நட்டபோது நம்ம பெண்கள் அழுத அழுகையைப் பார்த்தோம். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். வரைபடம் என்றால் நிலம் போகப் போகிறது என்ற நினைப்பு சும்மா வரவில்லை.

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்லலாமா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். படம் அவர்களிடம் மட்டும் இருப்பதுதான் ஆபத்து. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் படம் இருக்கிறது, இந்தப் பக்கம் இருக்கிற நம்மிடம் வாய்ப்பேச்சு மட்டும். பேச்சுக்கு எதிராகப் படத்தை வைத்தால் எந்த அலுவலகத்திலும் படம்தான் ஜெயிக்கும்.

மாணவர்கள் ஊருக்குப் போன கதை

நல்ல முன்மாதிரியும் இதே ஊரில் உண்டு. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். வகுப்பில் உட்கார்ந்து இங்கிலாந்துப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தால் ஆகாது என்று தன் மாணவர்களை விடுமுறையில் கிராமங்களை ஆராயச் சொல்லி அனுப்பினார். தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று பல ஊர்களின் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாம் அப்படித்தான் எழுதப்பட்டன. 1918இல் நூலாக வந்தது. இருபது வருஷம் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் மறுபடியும் பார்த்து, 1940இல் இன்னொரு நூல் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊர்களுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் என்ன மாறியது என்று சொல்ல முடிந்தது.

இன்னொன்று நம் இயக்கத்துக்கு நேரடியாகப் பட்டது. பசுமைப் புரட்சி உச்சத்தில் இருந்த 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி.எச். ஃபார்மர் தலைமையில் ஒரு குழு நம்ம வட ஆற்காடு மாவட்டத்துக்கு வந்தது. இலங்கையிலும் பார்த்தார்கள். புது ரக நெல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று வயல் வயலாகக் கேட்டார்கள். அரசுக் கணக்கு சொன்ன அளவுக்குப் பரவவில்லை என்று தெரிந்தது. அலுவலகத்துக் கணக்கு ஒன்று, வரப்பில் இருந்தது வேறு. இதை நம்ம உழவர்கள் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். ஆனால் படித்தவன் எண்ணிக் காட்டினால்தான் மேலே இருப்பவர் காதில் விழும்.

ஆனாலும் ஒரு குறை. ஃபார்மர் குழுவின் நூல் 1977இல் லண்டனில் வெளியானது. வட ஆற்காட்டு உழவன் ஒருவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பானா? நம்ம கதையை நாமே படிக்க முடியாத மொழியில், நாம் போக முடியாத ஊரில் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். 1930களில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியலாளர் நாடு முழுக்க எந்த வயலில் என்ன இருக்கிறது என்று படம் போட நினைத்தார். ஆள் வைத்துச் செய்யக் காசு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் இறக்கினார். பிள்ளைகள் தங்கள் ஊர் வயல்களில் நடந்து, பெரிய அளவுப் படத்தில் குறித்தார்கள். பிறகு போர் வந்து, எங்கே உழுது சோற்றுக்கு வழி செய்வது என்று அரசு தேடியபோது அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன. ஊர்ப் பிள்ளைகள் போட்ட படம் நாட்டுக்குச் சோறு போட உதவியது.

வானத்திலிருந்து தெரியாதது

"இப்போதான் சேட்டிலைட் இருக்கே, ஊருக்குள்ள வந்து என்ன ஆகணும்?" என்று கேட்கலாம். அந்தப் பொண்ணுதான் எனக்கு இதை விளங்க வைத்தாள். பழைய படங்களுக்கு மாணவர்கள் அதிகம் நம்பியிருப்பது லேண்ட்சாட். இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்ம கணக்கில் 22 சென்ட். அந்த 22 சென்டில் பாதி நெல், கால் தென்னை, கால் களம் இருந்தாலும் படத்துக்கு ஒரே நிறம்தான். 2015க்குப் பிறகு வந்த சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நம்ம வரத்துக்கால் ஆறடி அகலம். அது எந்தப் புள்ளியில் தெரியும்? ஓர் ஏரியின் உயிர் அந்த ஆறடியில்தான் ஓடுகிறது.

செழித்த நெல்லும் ஆகாயத்தாமரையும் மேலிருந்து பார்த்தால் ரெண்டும் பச்சை. ஒன்று விளைச்சல், மற்றொன்று சாக்கடை கலந்த தண்ணீரின் அடையாளம். எது எது என்று கீழே நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். இதைப் படிப்பில் கள சரிபார்ப்பு என்கிறார்கள். அந்தக் களத்தில் நிற்பவர்கள் நாம்தான்.

2019 கோடையை மறக்க முடியாது. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அரக்கோணம், திருவள்ளூர், திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி என்று நம்ம ஊர்கள் வழியாகத்தான் வில்லிவாக்கம் போனது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த தண்ணீர், வழி நெடுக இருக்கிற நம்ம ஏரிகளைத் தாண்டிப் போனது. அந்த ரயிலைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய கேள்விகள் இவைதான்: இந்தத் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் எத்தனை ஏரி, எத்தனை தாங்கல் இருந்தது? எதெது எப்போது தூர்ந்தது? எந்த ஊர்க் கிணறு எத்தனை அடியில் தண்ணீர் காட்டியது, இப்போது எத்தனை அடி? நகரத்துக்குத் தண்ணீர் விற்ற திருவள்ளூர் மாவட்டக் கிணறுகளைச் சுற்றியிருந்த பக்கத்து நிலங்களுக்கு என்ன ஆச்சு? இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு ஒரு மாணவனுக்கு வேறு வேண்டுமா?

இப்போது பட்டாபிராமில் டைடல் பூங்கா எழுந்துவிட்டது. ஆவடி 2019இலேயே மாநகராட்சியாகிவிட்டது. இனி இங்கே மிச்சமிருக்கிற ஒவ்வொரு திறந்த இடத்துக்கும் விலை உண்டு. கால்வாய் எங்கே ஓடியது என்று தெரிந்த கடைசித் தலைமுறை எழுபது, எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பத்து வருஷம் கழித்து வருகிற மாணவனுக்குக் கேட்க ஆள் இருக்காது.

இருபத்தைந்து மதிப்பெண்

புவியியல் படிப்பவர்கள் கொஞ்சம்தான். சுற்றுச்சூழல் என்ற ஒரு தாளை எல்லாரும் எழுதுகிறார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003இல் மறுபடி வலியுறுத்திய பிறகு பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் ஒரு பாடத்திட்டம் வகுத்தது. கணிதம் படித்தாலும் வணிகவியல் படித்தாலும் எழுத வேண்டும். அந்தப் பாடத்திட்டத்திலேயே, பக்கத்தில் இருக்கிற ஆறு, குளம், காட்டுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று இருக்கிறது. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கு.

நடப்பது என்ன? சீனியர் அண்ணன் எழுதியதைப் பார்த்து எழுதி, ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டுக் கொடுக்கிறார்கள். அமேசான் காட்டைப் பற்றி எழுதுகிற பிள்ளைக்குத் தன் பஸ் தாண்டி வருகிற ஏரியின் பெயர் தெரியாது. பிள்ளைகளைத் திட்டிப் பயன் இல்லை. ஏரிக்குக் கூட்டிப்போக ஆசிரியருக்கு நேரம் இல்லை, காட்டித் தர ஊரில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆள் நாம்தான். அந்த 25 மதிப்பெண்ணை நம்ம ஊருக்கு வரவழைக்க முடியும்.

நம்மாழ்வார் ஐயா வேளாண்மை படித்து, 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே நடக்கிற ஆராய்ச்சி வேலிக்கு வெளியே இருக்கிற மானாவாரி உழவனுக்கு உதவவில்லை என்று பார்த்து 1969இல் வெளியே வந்தார். வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற இந்த இடைவெளியைத்தான் நான் சொல்கிறேன். எல்லாரும் வேலையை விட்டு வெளியே வர வேண்டும் என்று இல்லை. வேலியில் ஒரு படலைத் திறந்து வைத்தால் போதும்.

செய்ய வேண்டியது

பல்கலைக்கழகங்களுக்கு: ஓர் ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதினால், அதில் தமிழில் நாலு பக்கச் சுருக்கமும் ஒரு வரைபடமும் அந்த ஊர் ஊராட்சிக்கோ, உழவர் மன்றத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போய்ச் சேர்ந்ததற்கு ரசீது இணைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மாணவன் ஊரில் நின்று தான் கண்டதைச் சொல்லட்டும். தப்பு இருந்தால் ஊர் திருத்தும். எந்தப் பேராசிரியரும் கேட்காத கேள்வியை எங்க ஊர்ப் பாட்டி கேட்பார்.

மாணவர்களுக்கு: வரும்போது படத்தோடு வாருங்கள், கேள்வித்தாளோடு மட்டும் வராதீர்கள். ஒருவர் கிணற்றின் ஆழத்தையும் கடனையும் சொல்கிறார் என்றால் நம்பிச் சொல்கிறார். அதை யார் பெயரோடு எங்கே போடலாம் என்று அவரைக் கேளுங்கள். ஒரு ஊரை எழுதுவதற்கு முன் அந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். அதே பெரியவரை ஐந்து மாணவர்கள் ஐந்து தடவை நடக்க வைக்க வேண்டாம்.

நமக்கு: பிள்ளைகள் வந்தால் விரட்டாதீர்கள். யார், எதற்கு, எந்தக் கல்லூரி என்று கேளுங்கள், அடையாள அட்டையைப் பாருங்கள், அது நம்ம உரிமை. பிறகு உட்கார வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு உழவர் குழுவும் ஒரு நோட்டில் பத்துக் கேள்வி எழுதி வையுங்கள். நம்ம ஊரைப் பற்றி நமக்கே தெரிய வேண்டிய கேள்விகள். கைவிட்ட கிணறு எத்தனை, மேய்க்கால் நிலம் எங்கே போனது, எந்த ரகம் எந்த வருஷம் நின்றது, தேனீ எப்போது குறைந்தது. வருகிற மாணவனிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். அவனுக்குத் தலைப்பு கிடைக்கும், நமக்குப் பதில் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. நம்ம வீட்டுப் பிள்ளைகளையே இதைப் படிக்க வையுங்கள். "வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் பொறியியல் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிற பிள்ளைகளை நாம் பார்க்காததா? புவியியலில் ஆசிரியர் வேலை உண்டு, போட்டி அதிகம். போட்டித் தேர்வுகளுக்கு இந்தப் பாடம் உதவும். 2021இல் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு கணினியில் படம் போடுகிற வேலைக்குத் தனியாரிடமும் வழி திறந்திருக்கிறது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலைகளில் மனைப்பிரிவுக்குப் படம் போடுகிற வேலையும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஏரிக்குள் மனை போடுகிற படம் மேசைக்கு வரும்போது, "இது நீர்வழி" என்று சொல்லத் தெரிந்த ஒரு உழவன் வீட்டுப் பிள்ளை அந்த மேசையில் இருந்தால் நல்லதுதானே?

ஏரிக்கரையில் பார்த்த பொண்ணு பங்குனியில் திரும்ப வந்தாள். சொன்னபடி வந்தாளே என்று எனக்கு ஆச்சரியம். கணினியில் எடுத்த படத்தை விரித்து வைத்தாள். என்னையும் சேர்த்து நாலு கிழங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தருக்குப் படம் பிடிபடவில்லை. அவர் எழுந்து உள்ளே போய்ச் சாக்பீஸ் எடுத்து வந்து தரையில் கோடு போட ஆரம்பித்தார். "இது கரை. இது மதகு. இங்க இருந்து ஒரு கால் இப்படிப் போகும்மா, உன் படத்துல அது இல்ல." அதற்கு இன்னொருத்தர், "இல்லப்பா, அது புளியமரத்துக்கு அந்தாண்ட" என்று சண்டைக்கு வந்தார். ஒரு மணி நேரம் சண்டை. பொண்ணு ரெண்டையும் குறித்துக்கொண்டாள், எது சரி என்று நேரில் நடந்து பார்க்கலாம் என்றாள்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி பெரியவர் நடந்து காட்டிய வழியில் பாதிகூட எங்கள் நாலு பேருக்கும் நினைவில்லை. மீதிப் பாதி அந்தக் கல்லூரி நூலக அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு யாராவது சேக்காட்டுக்கு வந்தால், சாக்பீஸோடு காத்திருக்கிறோம்.